கூகைப் பெட்டிக் கேமராவில் ஊதாக் கோடுகள்: மின் இடையூறைத் தேடிப் பிடிக்கும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. எலிகள் பழக்குலைகளைக் கடித்துப் பாழாக்காமல் இருக்கத் தோட்டத்தில் அங்கங்கே கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். அவற்றில் கூகைகள் வந்து குடியிருக்கின்றன. இரவில் அதன் அலறலைக் கேட்டுப் பயந்த பிள்ளைகளுக்கு, அது தன் குஞ்சுகளுக்கு எலி கொண்டுவந்து ஊட்டும் காட்சியைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலாளரிடம் அனுமதி பெற்று, கூடு காலியாக இருந்த நாளில், ஒரு பெட்டிக்குள் சிறிய கேமராவையும் அதன் கீழே ராஸ்பெர்ரி பை என்ற சிறிய பலகைக் கணினியையும் பொருத்தினேன்.

பகலில் படம் கண்ணாடி போல இருந்தது. மாலை ஏழரை மணிக்கு அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் படத்தின் குறுக்கே ஊதாக் கோடுகள் ஓடின. சில நாள்களில் கேமராவே இணைக்கப்படவில்லை என்று கணினி சொன்னது. கேமரா கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கோடுகள்.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின் பொறுப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் வரிசையில் குடியிருக்கிறார். படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

“எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று எழுதி வைத்திருக்கிறாயா, தம்பி?”

“இல்லை, அண்ணே.”

“முதலில் அதை எழுது. கோளாறு தானாக வந்து தன் பெயரைச் சொல்லும்.”

அவர் சொன்னபடியே நடந்தது. அந்தத் தேடலில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடை வாசலில் வைத்த கேமராவானாலும் மீன் தொட்டிக்கு மேல் மாட்டியதானாலும் முறை ஒன்றுதான். ஒரே ஓர் எச்சரிக்கையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: இதில் உள்ளவை எல்லாம் 5 வோல்ட், 12 வோல்ட் பக்கத்து வேலைகள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைத் தொட வேண்டிய இடம் வந்தால் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கேமராவின் நாடா ஒயருக்குள் என்ன ஓடுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கேமராவையும் கணினியையும் இணைக்கும் தட்டையான நாடாவில், பழைய பலகைகளில் 15 தடங்கள் இருக்கும். ராஸ்பெர்ரி பை ஜீரோவிலும் பை 5-இலும் 22 மெல்லிய தடங்கள். அவற்றில் மூன்று வகை ஒயர்களைப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, படத்தைச் சுமக்கும் இரட்டை ஒயர்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கணினி இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே படிக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒன்றாகத் தள்ளுவதால் வித்தியாசம் மாறாது. நல்ல ஏற்பாடு, ஆனால் எல்லை உண்டு. அந்த வித்தியாசமே ஏறத்தாழ 0.2 வோல்ட்தான். 2016-இல் வந்த 8 மெகாபிக்சல் கேமராவில் இருக்கும் ஐஎம்எக்ஸ்219 சென்சார், ஒவ்வோர் இணையிலும் நொடிக்கு 91 கோடிக்கும் அதிகமான பிட்களை அனுப்புகிறது. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு சிறிய அழுத்தத்தைக் கலைப்பது கடினமல்ல.

இரண்டாம் வகை, கட்டுப்பாட்டு ஒயர்கள் இரண்டு. “நீ யார், எந்தச் சென்சார், எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும்” என்ற பேச்சு இவற்றில்தான் நடக்கிறது. இவற்றுக்கு இணைப் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது, 3.3 வோல்ட் மின்சாரமும் அதன் திரும்பு பாதையான கிரவுண்டும்.

எனவே படம் மட்டும் கிழிந்தால் அல்லது கோடு விழுந்தால், இரட்டை ஒயர்களையும் கிரவுண்டையும் சந்தேகியுங்கள். கேமரா திடீரென்று காணாமல் போனால், கட்டுப்பாட்டு ஒயர்களையும் நாடாவின் முனைகளையும் பாருங்கள். கணினியே அணைந்து எழுந்தால், மின்சாரம். என் கூகைப் பெட்டியில் முதல் இரண்டும் சேர்ந்தே இருந்தன. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்ததுதான் என் தேடலை நீட்டியது.

படி 1: இடையூறு அல்லாததைக் கழித்துவிடுங்கள்

லென்சின்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, ஒளி சிறிதும் புகாதபடி மூடுங்கள். மென்பொருளில் ஒளிபடும் நேரத்தையும் ஒளிப்பெருக்கத்தையும் தானியங்கியாக விடாமல், கோடு விழுந்த படத்தில் இருந்த அளவிலேயே நிறுத்தி ஒரு படம் எடுங்கள். இருட்டுப் படத்திலும் கோடுகள் இருந்தால் அவை மின்சாரத்திலிருந்து வந்தவை. மறைந்துவிட்டால் அவை ஒளியிலிருந்து வந்தவை; ஒயரை நோண்டுவதில் பயனில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் பலரும் இதைச் செய்வதே இல்லை.

ஒளியிலிருந்து வரும் கோடு எப்படி உண்டாகிறது? மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். இந்தச் சிறிய கேமராக்கள் படத்தை ஒரே கணத்தில் முழுதாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. சில வரிகள் விளக்கு பிரகாசித்த நேரத்திலும் சில வரிகள் மங்கிய நேரத்திலும் விழுவதால் பட்டைகள் தெரிகின்றன. ஒளிபடும் நேரத்தை 10 அல்லது 20 மில்லிநொடியாக வைத்தால் பட்டைகள் அடங்கிவிடும்.

இரவுப் படத்தின் மணல் போன்ற புள்ளிகள் ஒளிக் குறைவால் வருபவை. அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத கேமரா பகலில் இளஞ்சிவப்பாகக் காட்டுவது அதன் இயல்பு. அதிகாலையில் மட்டும் கோளாறு வந்து பத்து மணிக்கு வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் பனி ஈரத்தைச் சந்தேகியுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடா முனைகள் பச்சை பூத்துவிடும். பெட்டிக்குள் எறும்பும் குடியேறும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு, ஒயர் நுழையும் துளைகளை அடைத்துவிடுங்கள்.

படி 2: நோட்டுப் புத்தகம்

நிமிடத்துக்கு ஒரு படம், கோப்பின் பெயரிலேயே நேரம் வரும்படி கணினியை அமையுங்கள். ஆர்பிகேம்-ஸ்டில் கட்டளையிலேயே இதற்கு வழி இருக்கிறது. பழைய பதிப்புகளில் அதன் பெயர் லிப்கேமரா-ஸ்டில். இணையம் இல்லாத இடமென்றால் கவனம்: பை 4 வரையுள்ள பலகைகளில் நேரம் காக்கும் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரம் பிசகிவிடும். பை 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்குத் தனி பேட்டரி இணைக்க வேண்டும்.

மறுபக்கம், சுற்றுப்புறத்தில் நடப்பதை நீங்கள் கையால் எழுதுங்கள். தண்ணீர் பம்பு ஓடிய நேரம், விளக்கு எரிந்த நேரம், மழை, பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி ஓடிய நேரம். மூன்று நாள்கள் போதும். என் நோட்டில் தெளிவாகத் தெரிந்தது இது: கேமரா காணாமல் போனது எப்போதும் 7.30-ஐ ஒட்டிய ஒரு நிமிடத்தில், அல்லது காலை 6.45-இல். கோடுகளோ 7.30 முதல் 6.45 வரை விடாமல் இருந்தன. ஒன்று விளக்கை மாற்றும் கணத்துக் கோளாறு, மற்றது விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நேரத்துக் கோளாறு என்று அப்போதுதான் பிரிந்தது.

நேரப் பொருத்தம் எவ்வளவு விசித்திரமான காரணத்தையும் காட்டிக்கொடுக்கும். 2015-இல் ராஸ்பெர்ரி பை 2 வெளிவந்த புதிதில், அதைப் படம் எடுக்கும்போது செனான் ஃபிளாஷ் மின்னியவுடன் பலகை அணைந்துபோனது. மின்சாரத்தைச் சீராக்கும் ஒரு சிறிய சில்லு மேலுறை இல்லாமல் இருந்ததால், வலுவான ஒளி அதன் சிலிக்கானைப் பாதித்தது. ஃபிளாஷும் அணைவதும் ஒன்றாக நடந்ததை ஒருவர் கவனித்ததால்தான் காரணம் பிடிபட்டது.

படி 3: ஓர் இரவு பவர்பேங்கில் ஓட்டுங்கள்

கணினியை அடாப்டரிலிருந்தோ சோலார் பேட்டரியிலிருந்தோ பிரித்து, நல்ல பவர்பேங்கில் மட்டும் ஓட விடுங்கள். வேறு எந்த ஒயரையும் தொடாதீர்கள். கோளாறு நின்றால், அது மின்சாரம் வழியாக வருகிறது. நிற்காவிட்டால், அடாப்டரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மின்சாரம்தான் என்று தெரிந்தால், மல்டிமீட்டரை அடாப்டர் முனையில் வைக்காமல், கணினிப் பலகையின் 5 வோல்ட் முனையில் வைத்து அளவெடுங்கள். அழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ராஸ்பெர்ரி பை எச்சரிக்கை தரும்: திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும், கணினி தானே எழுதிவைக்கும் கர்னல் பதிவிலும் குறைமின்னழுத்தம் என்று ஒரு வரி விழும். மெல்லிய யூஎஸ்பி ஒயரின் தடை போய்வரச் சேர்ந்து 0.5 ஓம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.5 வந்து சேரும். என் பார்வையில், மலிவு அடாப்டரைவிட மலிவு ஒயர்தான் அதிகப் பேரை ஏமாற்றுகிறது. மல்டிமீட்டர் நொடியின் சிறு பகுதியில் வந்து போகும் இறக்கத்தைக் காட்டாது; பதிவில் விழும் வரியை நம்புங்கள்.

என் பெட்டியில் பவர்பேங்கில் ஓட்டியபோது கோடுகள் நன்றாகக் குறைந்தன, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. இதன் பொருளைப் பிறகு சொல்கிறேன்.

படி 4: நாடா

முதலில் கணினியை முழுவதும் அணைத்து மின்சாரத்தைப் பிடுங்குங்கள். மின்சாரம் இருக்கும்போது நாடாவை உருவினால் சென்சார் நிரந்தரமாகச் செத்துப்போகலாம். கையிலுள்ள நிலைமின்சாரமும் சென்சாருக்குப் பகை. எர்த் செய்யப்பட்ட உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரு முனைகளிலும் நாடாவை எடுத்து, நேராகச் செருகி, தாழ்ப்பாளை இருபுறமும் சமமாக அழுத்துங்கள். தடங்கள் தெரியும் பக்கம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது பலகைக்குப் பலகை மாறும். முதல் இரண்டு தலைமுறைக் கேமராக்களில் லென்ஸ் இருக்கும் சிறிய சதுரத்தை மற்றப் பலகையோடு இணைக்கும் ஒரு குட்டி இணைப்பான் இருக்கிறது. அது கழன்றாலும் கேமரா காணாமல் போகும்; விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் “டக்” என்று உட்காரும்.

அடுத்து, நாடா போகும் வழி. மடித்துச் சுருட்டி ரப்பர் வளையம் போடாதீர்கள். விளக்கு, மோட்டார், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்தே தீர வேண்டுமென்றால் குறுக்கே, செங்குத்தாகக் கடக்கட்டும். நான் பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று நாடாவையும் விளக்கின் ஒயரையும் ஒரே டேப்பில் சுற்றியிருந்தேன். பவர்பேங்கிலும் மிச்சமிருந்த கோடுகளுக்கு அதுவே காரணம். பிரித்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் அவை போயின.

நாடாவை நீட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த இணைப்பு கைப்பேசிக்குள் சில சென்டிமீட்டர் ஓடுவதற்காக உருவானது. ஒரு மீட்டர் நாடா கடையில் கிடைக்கிறது, சில இடங்களில் வேலையும் செய்கிறது. ஆனால் இரைச்சல் உள்ள இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேமராவுக்குப் பக்கத்திலேயே கணினியை வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஈத்தர்நெட் கேபிள் இழுங்கள். அதன் ஒயர்கள் முறுக்கப்பட்டவை, இரு முனையிலும் சிறு மின்மாற்றி பிரித்து நிற்கிறது, 100 மீட்டர் வரை தாங்கும்.

படி 5: பழைய ரேடியோவைக் கொண்டு மோப்பம் பிடியுங்கள்

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாத வீட்டில் இதுவே கருவி. பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ, ஏஎம் பட்டை உள்ளது, போதும். மின்னல் எஃப்எம் வானொலி கேட்கிற எஃப்எம் பட்டை இதற்கு உதவாது. எஃப்எம் அலையின் ஏற்ற இறக்க அளவைக் கணக்கில் எடுக்காமல் இரைச்சலை வடிகட்டிவிடும், ஏஎம் அதை அப்படியே ஒலியாக்கும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ரேடியோவை ஒவ்வொரு கருவியின் அருகிலும் கொண்டுபோங்கள்.

12 வோல்ட்டை 5 ஆக்கும் மாற்றியின் அருகில் “ஙொய்” என்ற இரைச்சல் கேட்கும். விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர் அருகில் தனி ரீங்காரம். மின்வேலி என்றால் நொடிக்கு ஒருமுறை போல “டிக், டிக்”. ஒரு கருவியை அணைத்ததும் ஒலி நின்றால் அந்தக் கருவியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியோ கேட்கும் எல்லா ஒலியும் கேமராவைக் கெடுக்காது; உங்கள் நோட்டில் உள்ள நேரத்தோடு ஒத்துப்போவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு டிம்மர் பிடிபட்டது.

படி 6: மூலத்தை அடக்குங்கள்

விளக்கை ஏற்றி அணைக்கும் ரிலேயில் தொடங்குவோம். அதன் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால், அது நிற்க மறுத்து, 12 வோல்ட் சுருளிலிருந்து நூறு வோல்ட்டுக்கும் மேலான துடிப்பை எழுப்பக்கூடும். மாற்றும் கணத்தில் என் கேமராவின் கட்டுப்பாட்டு ஒயர்களைக் குழப்பியது இதுதான். மருந்து, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும், 1என்4007 என்ற சில சென் விலையுள்ள ஒரு டையோடு. சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு போட்ட பக்கம் நேர்முனையைப் பார்க்கும்படி வையுங்கள். திருப்பி வைத்தால் குறுக்கிணைப்பு ஆகிவிடும். தயாராக விற்கும் ரிலே பலகைகள் பலவற்றில் இது ஏற்கெனவே இருக்கும். தனி ரிலேயை வாங்கி நானே பற்றவைத்ததால் என்னுடையதில் இல்லை.

இனி விளக்கு. டிம்மர் ஒளியைக் குறைப்பது, மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி வெட்டி அனுப்புவதால். ஒயரை மிச்சப்படுத்த நான் விளக்கின் எதிர்முனையைக் கணினியின் கிரவுண்டு முனையில் கொடுத்திருந்தேன். அந்தப் பாதையில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும், 1 ஆம்பியர் விளக்கு ஒவ்வொரு முறை எரிந்து அணையும்போதும் கிரவுண்டு 0.1 வோல்ட் துள்ளும். படத்தைச் சுமக்கும் வித்தியாசமே 0.2 வோல்ட் என்று முன்பு பார்த்தோம். பவர்பேங்கில் ஓட்டிய இரவில், பேட்டரிக்குப் போகும் அந்தத் திரும்பு பாதையும் என் கையால் கழற்றப்பட்டு, விளக்கு நேராகப் பேட்டரியில் இருந்தது. கோடுகள் குறைந்ததன் பொருள் அதுதான். ‘வேறு எந்த ஒயரையும் தொடாதீர்கள்’ என்று படி 3-இல் எழுதியதற்கும் இதுவே காரணம்: ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியதால் எது குணப்படுத்தியது என்று எனக்கு ஒரு வாரம் தெரியாமல் போனது.

விளக்குக்கு பேட்டரி முனையிலிருந்தே தனியாக இரண்டு ஒயர்கள் கொடுங்கள். கணினிக்கும் அங்கிருந்தே தனியாக இரண்டு. ஒவ்வோர் இணையையும் கயிறு போல முறுக்குங்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே இருப்பதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். டிம்மரை நான் எடுத்தே விட்டேன். ஒளியைக் குறைக்க விளக்குக்கேற்ற மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்றைச் சேர்த்தேன். கொஞ்சம் சூடாகும், ஆனால் சத்தமில்லாதது. கணினியின் 5 வோல்ட் முனையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்தேக்கி) ஒன்றை முனை மாறாமல் வைத்தேன். மின்சார ஒயரில் மாட்டும், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் கடைசி மெருகு. அதிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

இடையூறு எதிர்த்திசையிலும் போகும்

கேமராவின் நாடாவே சிறு ஆன்டெனா போல இரைச்சலை உமிழ்கிறது. 1575.42 மெகாஹெர்ட்சில் வரும் மிக மெல்லிய செயற்கைக்கோள் அலையைப் பிடிக்கும் ஜிபிஎஸ் கருவியை அருகில் வைத்திருந்தால், கேமரா ஓடும்போது செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்கலாம். கேமராவை நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆன்டெனாவைத் தள்ளி வைப்பதே சிறந்த மருந்து. யூஎஸ்பி 3 வட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுப்பதும் இதே குடும்பம். 5 கிகாஹெர்ட்சுக்கு மாறுங்கள் அல்லது வட்டை நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள். அசைவை உணரும் பிஐஆர் சென்சார், வைஃபை அனுப்பும்போதெல்லாம் யாரோ வந்ததாகப் பொய் சொல்வதும் உண்டு. அதையும் கணினியின் ஆன்டெனாவிலிருந்து விலக்குங்கள்.

நாடாவுக்கு அலுமினியத் தாள் சுற்றுவதாக இருந்தால், முதலில் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் தாள், தாளின் ஒரு முனை மட்டும் கிரவுண்டில். தாள் பலகையில் பட்டால் எல்லாம் போய்விடும்.

இடி மின்னல்

பேராக்கில் பிற்பகல் இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டையோடும் கெபாசிட்டரும் அதன் முன் நிற்காது. வெளியே இழுத்த ஈத்தர்நெட் ஒயரும் மின்னலின் துடிப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் என்பதால், வானம் கறுத்து இடி கேட்பதற்கு முன்பே மின்செருகியோடு அதையும் பிடுங்குங்கள். இடி கேட்ட பிறகு கம்பத்தின் பக்கம் போகவே கூடாது. குஞ்சுகள் இருக்கும் காலத்தில் எதற்காகவும் ஏணி வைக்காதீர்கள். அதற்காகவே எல்லா இணைப்புகளையும் கீழிருந்தே கழற்றும்படி நான் மாற்றியிருக்கிறேன்.

நோட்டு இப்போது பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. 7.30-க்கு நேரே மூன்று வாரமாக எதுவும் எழுதப்படவில்லை. நேற்று ஒரு மாணவி 2.40-க்கு நேரே எழுதியிருந்தாள்: “தாய் வந்தது. எலி பெரியது.”